தகப்பனாரைத் தேடிப்போன எங்கள் அப்பா

எங்கள் அப்பா வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தார். அவருடைய தாயார் கொழுந்து பறித்தவர். தகப்பனார் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். கூடப் பிறந்தவர் ஒரே ஓர் அக்கா. அவர்தான் எங்கள் ராசாத்தி அத்தை.

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டுவிட்டான். "நீதானக்கா அவரு கூடவே அலைஞ்ச. நீயே எழுது" என்றான். அலைந்தது உண்மைதான். எதற்காக அலைந்தோம் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும், பலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுவதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது பஞ்ச காலம் வந்தது. அதைக் கண்ட பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடையில் அரிசி இல்லை, கோதுமை மா இல்லை. தோட்டத்தில் வேலை நாளும் குறைந்துபோனது. லயத்துச் சனங்கள் ஆற்றோரத்துக் கீரையையும் காட்டுக் கிழங்கையும் அவித்துத் தின்று நாளைக் கடத்தினார்கள். ஒரு காலையில் தாத்தா கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கொத்மலைப் பக்கத்துச் சிங்கள ஊர்களில் தோட்டம் கொத்திக் கொடுத்தால் மரவள்ளிக் கிழங்கு தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு மூணு நாள்ல வந்துருவேன். புள்ளைங்கள பாத்துக்க" என்று மனைவியிடம் சொன்னார். அதுதான் அவர் அந்த லயத்தில் பேசிய கடைசி வார்த்தை.

அவர் திரும்பி வரவில்லை. பாட்டி வட்டகொடை ஸ்டேசன் வரைக்கும் இறங்கிப் போய், போகிற வருகிறவர்களை எல்லாம் விசாரித்தார். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் ஒரு பேச்சுக் கிளம்பியது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போகும் தலைமன்னார் ரயிலில் அவரை இன்னொரு பெண்ணோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதைக் கேட்டவர் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார். தோட்டத்து ஆபீசில் வேலைப் பதிவேடான செக்ரோலிலிருந்து அவருடைய பெயரை வெட்டினார்கள். அத்தையும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் "ஓடுகாலி புள்ளைங்க" என்ற பெயரைச் சுமந்தார்கள். அத்தை சீக்கிரமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார். தன் தம்பி படிக்கட்டும் என்பதற்காக அவர் அப்படிச் செய்தார். அன்றிலிருந்து அத்தையின் வாயில் "அப்பா" என்ற சொல் வந்ததில்லை. பேச வேண்டி வந்தால் "அந்த ஆளு" என்பார்.

பாட்டி மட்டும் நெற்றியில் பொட்டை அழிக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் காலையில் குளித்ததும் குங்குமம் வைத்துக்கொண்டுதான் மலைக்குப் போவார்.

அப்பா வளர்ந்ததும் கொட்டகலைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்தபோது தரை கூட்டினார். பிறகு துணி அளந்தார். பிறகு கடையின் சாவியே அவர் மடியில் இருந்தது. சிங்களம் அங்கேதான் படித்தார். துணி விரித்துக் காட்டுவதில் அவருக்குச் சலிப்பே வராது. தீபாவளிக் கூட்டத்தில், வாங்கப் போவதில்லை என்று முகத்திலேயே தெரியும் ஒரு பெண்ணுக்கும் சேலையை முந்தானை வரைக்கும் பிரித்துக் காட்டுவார். முதலாளி முகம் சுளித்தால், "பாத்துட்டுப் போகட்டுங்க முதலாளி, கண்ணு பட்டு சாயமா போயிரும்?" என்பார். அந்தப் பெண்கள் அடுத்த வருசம் வந்து, அப்பா இருக்கிறாரா என்று கேட்டு, அவர் கையால்தான் வாங்கினார்கள்.

வீட்டில் அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்தது குறைவு. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கோபம் வரும். பக்கத்து வீட்டுப் பையன் கொழும்புக்குப் போய்த் தகவல் இல்லாமல் இருந்தபோது, தம்பி "அவன் ஓடிட்டான்பா" என்று சொல்லிவிட்டான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "போயிருக்கான்னு சொல்லு. ஓடிட்டான்னு ஒனக்கு யாரு சொன்னா? நீ பாத்தியா?" என்றார். அம்மா சமாதானம் செய்து மீண்டும் உட்கார வைத்தார். எதற்காக அந்தக் கோபம் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

பாட்டி காலமானபோது ஒரு சிக்கல் வந்தது. குளிப்பாட்டி முடித்ததும் பெண்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். பொட்டு வைப்பதா, வேண்டாமா? பாட்டி சுமங்கலியா, இல்லையா? அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா குங்குமச் சிமிழை எடுத்து வந்து தானே கொடுத்தார். "அம்மா அழிக்காதத நாம ஏன் அழிக்கணும்?" என்று மட்டும் சொன்னார். பாட்டியைப் பொட்டோடும் பூவோடும் அனுப்பினோம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் சித்திரைப் பௌர்ணமிக்குத் தாயாருக்கு விரதம் இருந்தார். ஆடி அமாவாசைதான் அவருக்குக் கஷ்டமான நாள். தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள் அது. உயிரோடு இருக்கும் தகப்பனுக்கு விரதம் பிடித்தால் பாவம். இறந்த தகப்பனுக்குப் பிடிக்காமல் விட்டாலும் பாவம். அன்று கோயிலுக்குப் போவார், ஓரமாக நிற்பார், அர்ச்சனைச் சீட்டு வாங்காமல் திரும்பி வருவார். ஒருமுறை பூசாரி, "ஒங்க தகப்பனார் பேரு சொல்லலையே" என்று கேட்டார். "இருக்காரா இல்லையான்னே தெரியலைங்க சாமி" என்றார் அப்பா.

முதலாளி காலமாகி, அவருடைய பிள்ளைகள் கடையை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். அப்பா வீட்டில் இருக்கத் தொடங்கினார். ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. "எங்கப்பாவ தேடப் போறேன்" என்றார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இத்தன வருசமா இல்லாத தேட்டம் இப்ப எதுக்கு? இந்தியாவுல அந்த மனுசனுக்குப் பேரன் பேத்தி இருந்தா என்ன செய்வீங்க? மாலை போட்டு கூட்டிட்டு வருவீங்களா?"

"இருந்தா இருக்கட்டும். பாத்துட்டு வர்றேன்" என்றார் அப்பா.

எனக்குப் பள்ளி விடுமுறையாக இருந்த நாட்களில் நானும் கூடப் போனேன். படிவங்களை நிரப்புவது என் வேலை, பேசுவது அப்பாவின் வேலை.

முதலில் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். பழைய செக்ரோல்கள் பெரும்பாலும் கரையான் அரித்துக் கிடந்தன. கிளாக்கர் நல்ல மனிதர். நாங்கள் திரும்பத் திரும்பப் போய் நின்றதைப் பார்த்து, கட்டுகளை இறக்கிக் கொடுத்தார். அதில் தாத்தாவின் பெயர் இருந்தது. ஒரு மாதம் வரைக்கும் வேலை நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதம் பெயரின் மேல் ஒரு கோடு. "சொல்லாம போனவங்களுக்கு இப்படித்தான் கோடு போடுவாங்க" என்றார் கிளாக்கர். அப்பா அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அந்த மாதத்தையும் ஆண்டையும் என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்து, கப்பல் ஏறியவர்களைப் பற்றி விசாரித்தோம். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பங்களில் சில இன்னும் நீலகிரிப் பக்கம் இருக்கின்றன. போன் எண்கள் தேடிப் பிடித்துப் பேசினோம். ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. அப்படி ஒருவர் கூட வந்ததாக நினைவே இல்லை என்றார்கள். குடியுரிமை, பாஸ்போட் விவகாரங்கள் தெரிந்த ஒரு பெரியவர் சொன்னதுதான் அப்பாவின் மனதில் பதிந்தது. "கடதாசி இல்லாம கப்பல் ஏற முடியாது தம்பி. ஒங்க குடும்பத்துக்கு அப்ப கடதாசியே வரல. அப்ப அவரு எப்படிப் போயிருப்பாரு?"

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்ப இங்கதாம்மா எங்கயோ இருக்காரு."

அதன் பிறகு இறப்புப் பதிவுகளைப் பார்க்கத் தொடங்கினோம். தாத்தா நடந்து போயிருக்கக்கூடிய பாதையில் உள்ள ஊர்கள் எந்தெந்தப் பதிவுப் பிரிவில் வருகின்றன என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் போனோம். பெயரும் சரியான திகதியும் இல்லாமல் தேடுவது சுலபம் இல்லை. தாத்தாவின் பெயர் தெரியும், ஆனால் அது பெரியசாமி. மலைநாட்டில் பெரியசாமிகளுக்குப் பஞ்சமா? ஓர் அலுவலகத்தில், "அடுத்த கிழமை வாங்க" என்றார்கள். போனால் மறுபடியும் அடுத்த கிழமை. அப்பா சளைக்கவில்லை. எரிச்சலும் படவில்லை. துணிக்கடையில் நின்ற கால் அல்லவா, நின்றுகொண்டே இருந்தார்.

கொத்மலைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் ஓர் இளம் சிங்களப் பெண் பதிவுப் புத்தகங்களைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தார். அப்பா விசயத்தைச் சொன்னதும், அந்தப் பெண் தேநீர் வேளையிலும் எழுந்து போகாமல் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசியில் விரலை ஓரிடத்தில் வைத்து அப்பாவைப் பார்த்தார்.

பெரியசாமி. தமிழர். தொழிலாளி. வயது சுமார் முப்பத்தைந்து. காய்ச்சல். கிராமத்து ஆஸ்பத்திரியில் மரணம். விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் 'வட்டகொடைப் பக்கம்' என்று மட்டும் இருந்தது. கோடு விழுந்த அதே மாதம்.

அப்பா அழவில்லை. "தகவல் குடுத்தவர் யாருன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்தப் பெண் வாசித்தார். முதியான்சே என்ற ஒரு விவசாயியின் பெயரும், அந்த ஊரின் பெயரும் இருந்தன.

"அவர பாக்கணும். இது நம்ம பெரியசாமிதானான்னு அவருக்குத்தான் தெரியும்" என்றார்.

மறுநாளே போனோம். முதியான்சே உயிரோடு இருந்தார். எழுபதைத் தொட்ட மனிதர், மெலிந்த உடம்பு. முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா சிங்களத்தில், "ஐயா, ரொம்ப காலத்துக்கு முன்னால ஒரு தமிழ் மனுசனோட சாவ நீங்க பதிஞ்சிருக்கீங்க. அதக் கேக்கத்தான் வந்தோம்" என்றார். சிங்களத்தில் 'ஐயா' என்றால் அண்ணன். தமிழில் வேறு. அப்பா அன்று எந்த ஐயாவைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

முதியான்சே கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கறுப்புக் கம்பளி போத்திட்டு வந்தாரு. அப்ப எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. பேரு பெரியசாமின்னாரு, கெழங்குக்கு வேல செய்றேன்னு கையால காட்டினாரு. அவருக்கு எங்க பாசை தெரியாது, எனக்கு அவரு பாசை தெரியாது. ரெண்டு நாள் எங்க மேட்டுத் தோட்டத்த கொத்தினாரு. நல்ல வேலைக்காரன். மூணாம் நாள் விடிய கெளம்பணும்னு சாக்க நிரப்பிக் கட்டி வச்சிருந்தாரு. விடிஞ்சப்போ எழும்ப முடியல. ஒடம்பு நெருப்பா கொதிச்சுது. நானும் என் அண்ணனும் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

"பேசினாரா?" என்றார் அப்பா.

"வட்டகொடைன்னு சொன்னாரு. அது ஊருன்னு எங்களுக்குத் தெரியும். அப்புறம் ராசாத்தி, ராசாத்தின்னு சொல்லிட்டே இருந்தாரு. அவரு பொஞ்சாதி பேருன்னு நெனச்சோம்."

"எங்க அக்கா பேரு" என்றார் அப்பா. அதைத் தமிழில் சொன்னார். முதியான்சேக்கு அது புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்ததும் யாரும் வரவில்லை. முதியான்சேயும் அவருடைய அண்ணனுமே ஊர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு முதியான்சே அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வட்டகொடைக்குப் போயிருக்கிறார். ஸ்டேசனில் நின்று பெரியசாமி வீடு எது என்று கேட்டிருக்கிறார். எந்தத் தோட்டத்துப் பெரியசாமி என்று திருப்பிக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. பொழுது சாயும் வரைக்கும் நின்றுவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் சாக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"உரியவங்க கையில சேர்க்க முடியல. அது எனக்கு மனசுல இருந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்க ஆளுங்களுக்குத்தான குடுத்தீங்க. அது சேர்ந்தாச்சுங்க ஐயா" என்றார்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அப்பாவுக்குப் பெரிய பாரமாக இருந்தது. அத்தை அப்போதும் தோட்டத்தில், மகன் கட்டிய சிறு வீட்டில் இருந்தார். நாங்கள் போனபோது விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா உட்கார்ந்து, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அத்தை வேலையை நிறுத்தவில்லை. தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம் என்ற இடத்தில் மட்டும் ஒரு விறகு கையிலேயே நின்றது.

அதை அடுக்கில் வைத்துவிட்டு, "ஏன்டா, அப்பாவுக்கு அங்க சாப்பாடு குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தாங்கக்கா. வேலை செஞ்ச ரெண்டு நாளும் அவங்க வீட்லதான் சாப்பிட்டாராம். குரக்கன் ரொட்டி."

"வயிறு நெறைய?"

"வயிறு நெறையக்கா."

அப்போதுதான் அத்தை அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். "என்ன அத்தை, யாரு செத்தா?" என்று கேட்டார்கள். "எங்கப்பா செத்துட்டாருடி" என்றார் அத்தை.

பாட்டியைப் பொட்டோடு அனுப்பியது தவறாகிவிட்டதோ என்று அப்பாவுக்கு ஓர் உறுத்தல் இருந்தது. அன்று அதையும் அத்தையிடம் கேட்டார். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா வச்சிருந்தது சரிதான்டா. அவரு ஓடலைன்னு அவ ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. நாமதான் நம்பல" என்றார்.

அந்த ஆடி அமாவாசைக்கு ஒரு வேன் பிடித்துக் கொத்மலைக்குப் போனோம். அத்தையும் வந்தார். மயானத்தில் எந்த இடம் என்று முதியான்சேயால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இந்தப் பக்கம்தான்" என்று கையை வீசிக் காட்டினார். அது போதும் என்றார் அப்பா. அங்கே சூடம் ஏற்றினார். ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தகப்பனார் பெயரை வாய்விட்டுச் சொல்லி, வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குத் தர்ப்பணம் கொடுத்தார்.

திரும்பி வந்து தோட்டத்தில் ஒவ்வொரு லயமாக, ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "எங்கப்பாவுக்குக் கருமாதிச் சாப்பாடு. வந்துருங்க" என்றார். பழைய பேச்சைப் பேசியவர்களின் வீட்டுக் கதவையும் தட்டினார். யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. கோயில் முற்றத்தில் பந்தி போட்டு, எல்லோருக்கும் அவரே பரிமாறினார். தலை நரைத்த ஒருவர் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்பா குனிந்து, "சாப்பிடுங்க மாமா, ஆறிடும்" என்றார்.

அதற்குப் பின் அப்பாவின் வாழ்க்கை அமைதியாகப் போனது. தம்பியின் கல்யாணத்தைப் பார்த்தார். பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக் கொட்டகலைக் கடைவீதியில் நடந்தார். தோட்டத்தில் யாருக்காவது பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு எடுக்க வேண்டியிருந்தால் கூடப் போய் நின்றார். சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி மாதங்களில்கூட, பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெரியவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மழை நாளின் காலையில், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவருடைய மூச்சு நின்றது. வலி இல்லாமல் போனார் என்பதே எங்களுக்கு ஆறுதல்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களை இங்கே நினைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும் எங்கள் வணக்கம். வழுக்கும் பாதையில் பாடையை ஒரு குலுக்கல் இல்லாமல் சுமந்துவந்த தோட்டத்து இளைஞர்களையும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாரையும், கடையை அடைத்துவிட்டு வந்து நின்ற கொட்டகலை வியாபாரிகளையும், தம்பியைக் கூப்பிட்டுத் தோளில் சாய்த்துக்கொண்ட உறவினர் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

ஒருவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதியான்சே ஐயாவால் அப்போது நடக்க முடியவில்லை. அவருடைய மகன், செய்தி கேட்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்து, வெள்ளைச் சட்டையோடு நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். வந்தவர் விருந்தாளி போல ஓரமாக நிற்கவில்லை. தண்ணீர் சுமந்தார், பந்தலுக்குக் கயிறு கட்டினார், பாடைக்குத் தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்து புறப்படும்போது தம்பி அவரிடம், "இவ்வளவு தூரம் வந்து இவ்வளவும் செஞ்சீங்க. நாங்க எப்படி நன்றி சொல்றது?" என்று கேட்டான்.

அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். யோசித்து, சொற்களைத் தேடி எடுத்துச் சொன்னார்:

"நன்றி வேணாம். ஒங்க தாத்தா எங்க ஊர்ல இருக்காரு. அப்ப நாம சொந்தக்காரங்கதானே?"

— மூத்த மகள்